புதுப் பெட்டி, முதல் வளைவிலேயே கவிழ்வது ஏன்? மாடல் ரயில் உலகைப் படுத்தும் தரப் பிரச்னை - விரிவான அலசல்

நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய ரயில் பெட்டி. முன்பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து கைக்கு வந்தது. ஆசையாகப் பிரித்து, தண்டவாளத்தில் வைத்து, இன்ஜினை மெதுவாக ஓட்டினால்... முதல் வளைவிலேயே பெட்டி சாய்ந்துவிடுகிறது. தூக்கி மறுபடியும் வைத்தால், அடுத்த பாயின்ட்டில் சக்கரம் ஏறி இறங்குகிறது. ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தால் ஒரு இருக்கை கழன்று ஓரமாகக் கிடக்கிறது.

இது நிஜ ரயில் இல்லை. மாடல் ரயில். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் என்று பல நாடுகளில் லட்சக்கணக்கானோர் வீட்டு அறையிலும் கார் ஷெட்டிலும் ஓட்டும் மின்சார ரயில்.

'சின்னப் பசங்க விளையாட்டுச் சாமான்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?' என்று கேட்கலாம். இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். இதை வாங்குபவர்களில் பெரும்பாலானோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற, அல்லது ஓய்வை நெருங்கும் வயதுக்காரர்கள். பத்துப் பெட்டி கொண்ட ஒரு பயணிகள் ரயிலை முழுதாகச் சேர்க்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். இன்ஜின் விலை தனி. பென்ஷன் பணத்திலிருந்து எடுத்து வைத்துச் சேர்க்கிற பொருள் இது. அது பெட்டியிலிருந்து எடுத்ததுமே ஓடவில்லை என்றால் வலிக்கத்தானே செய்யும்?

இதோடு இன்னொரு அடியும் சேர்ந்தது. அமெரிக்காவில் விற்கும் மாடல் ரயில்களில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. 2025 ஏப்ரலில் சீனப் பொருள்கள் மீதான அமெரிக்க இறக்குமதி வரி 145 சதவீதம் வரை எகிறியது. மே மாதம் அது 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டாலும், விலை கூடும் என்ற பயம் அப்படியே தங்கிவிட்டது. 'விலை ஏறுது சரி, தரம் ஏறுதா?' என்ற பழைய கேள்வி இப்போது இன்னும் சத்தமாகக் கேட்கிறது.

அளவு கொஞ்சம் புரிந்துகொள்வோம்

உலகில் அதிகம் விற்பது ஹெச்.ஓ எனப்படும் அளவு. நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கியது. தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி வெறும் 16.5 மில்லி மீட்டர். பிரிட்டனில் இதே தண்டவாளத்தில் 76-ல் ஒரு பங்கு அளவுள்ள, சற்றே பெரிய ரயிலை ஓட்டுகிறார்கள். அதற்கு டபுள் ஓ என்று பெயர்.

நமக்குத் தெரிந்த உதாரணத்தோடு பார்க்கலாம். சென்னை ஐ.சி.எஃப் தயாரித்த பழைய நீல நிறப் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர். ஹெச்.ஓ அளவில் அது 24.5 சென்டி மீட்டர். கிட்டத்தட்ட ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. அமெரிக்காவின் 85 அடி பயணிகள் பெட்டி இன்னும் நீளம். மாடலில் கிட்டத்தட்ட 30 சென்டி மீட்டர் வரும்.

இந்த நீளம்தான் பாதிப் பிரச்னைக்குக் காரணம். அதற்குப் பிறகு வருவோம். முதலில், என்னதான் கெட்டுப் போகிறது?

புதுப் பெட்டியில் வரும் கோளாறுகள்

முதலில் சக்கரம். ஒரு அச்சில் இரண்டு சக்கரங்கள். அவற்றின் நடு இடைவெளி சரியாக இருக்க வேண்டும். கால் மில்லி மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ நேர் பாதையில் ஒன்றும் தெரியாது. பாயின்ட் வந்ததும் சக்கரம் தவறான பக்கம் போய்விடும். ஆலையில் அச்சில் சக்கரத்தை அழுத்திப் பொருத்தும்போது நேரும் சின்னத் தவறு இது.

அடுத்து கப்ளர். இரண்டு பெட்டிகளை இணைக்கும் கொக்கி. இதன் உயரம் பெட்டிக்குப் பெட்டி மாறினால் ரயில் ஓடும்போதே பாதியில் பிரிந்துவிடும். அமெரிக்க மாடல்களில் கப்ளரின் அடியில் ஒரு வளைந்த கம்பி தொங்கும். காந்தத்தை வைத்துப் பெட்டிகளைப் பிரிப்பதற்காக வைத்தது. அது ஒரு மயிரிழை கீழே இறங்கினாலும் பாயின்ட்டில் உரசி, பெட்டியையே தூக்கிவிடும்.

போகியை உடம்போடு சேர்க்கும் திருகு இன்னொரு தலைவலி. இரண்டு போகியையும் இறுக்கமாகத் திருகிவிட்டால், பாதையில் சிறு மேடு பள்ளம் வந்தாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ஒரு போகி பக்கவாட்டில் லேசாக ஆடவும், இன்னொன்று ஆடாமல் திரும்ப மட்டும் செய்யவும் வேண்டும். நாலு கால் ஸ்டூல் சமமில்லாத தரையில் ஆடும், மூணு கால் ஸ்டூல் ஆடாது. அதே தத்துவம்தான். இது எல்லா தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். ஆனால் அசெம்ப்ளி மேஜையில் ஒருவர் நாள் முழுக்கத் திருகு முடுக்கும்போது, எல்லாத் திருகும் ஒரே இறுக்கத்தில்தான் போகும்.

உள்விளக்குள்ள பெட்டிகளில் வேறு கதை. சக்கரத்தில் இருந்து மின்சாரம் எடுக்க மெல்லிய பித்தளைத் தகடு உரசிக்கொண்டே இருக்கும். அழுத்தம் அதிகமானால் பெட்டி இழுக்கவே வராது. குறைவானால் விளக்கு மினுக்கும். ஒரு பெட்டியில் இந்த உராய்வு பெரிதாகத் தெரியாது. பத்துப் பெட்டியைச் சேர்த்தால் இன்ஜின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

இவை ஓட்டம் தொடர்பானவை. கண்ணுக்குத் தெரிகிற குறைகள் தனி. பசையின் ஆவி படிந்து புகைமூட்டம் போட்ட ஜன்னல், கழன்று அட்டைப்பெட்டிக்குள் உருளும் கைப்பிடிக் கம்பி, லேசாக வாழைப்பழம் போல வளைந்த உடம்பு, ஒரே ரயிலின் இரண்டு பெட்டிகளில் இரண்டு விதமாக இருக்கும் பச்சை நிறம். நிறம் மாறினால் என்ன என்று நினைக்கலாம். முன்பதிவு செய்து ஒரு முழு ரயிலைச் சேர்ப்பவருக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

எல்லாவற்றிலும் கொடுமையானது ஒன்று உண்டு. வாங்கும்போது தெரியவே தெரியாது. துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்துவிட்டால், சில ஆண்டுகளில் அந்த உலோகம் உள்ளுக்குள்ளேயே வீங்கி, விரிசல் விட்டு, பிஸ்கட் போல நொறுங்கும். ஆங்கிலத்தில் இதைத் துத்தநாகக் கொள்ளைநோய் என்ற பொருளில் சொல்வார்கள். 1930-களின் பொம்மை ரயில்களில் பார்த்த நோய் இது. தொழில்நுட்பம் வளர்ந்தபின் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். 2000-க்குப் பிறகு தயாரான மாடல்களிலும் திரும்பி வந்தது. இதற்கு மருந்து கிடையாது. பாகத்தை மாற்ற வேண்டும். பாகம் கிடைத்தால்!

பயணிகள் பெட்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?

சரக்குப் பெட்டி குட்டையானது, எந்த வளைவிலும் ஓரளவு ஓடிவிடும். பயணிகள் பெட்டி அப்படியில்லை.

இந்திய அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் சுமார் 175 மீட்டர். அதை ஹெச்.ஓ அளவுக்குச் சுருக்கினால் 2 மீட்டர். அதாவது வீட்டில் ஒரு வட்டம் போடவே 4 மீட்டர் அகல அறை வேண்டும். யாரிடம் இருக்கிறது? தொடக்கக்காரர்களுக்கான செட்டில் வருவது 18 அங்குல ஆரம், சுமார் 46 சென்டி மீட்டர். அதை நிஜ உலகுக்குப் பெரிதாக்கினால் 40 மீட்டர் ஆரம். நம்ம ஊர் எக்ஸ்பிரஸ் ரயிலை ஒரு சின்ன மைதானத்தைச் சுற்றி ஓட்டச் சொல்வது போல.

இதைச் சமாளிக்க கம்பெனிகள் பல தந்திரம் செய்தன. பெட்டியின் நீளத்தையே குறைப்பது ஒன்று. ஜெர்மனியில் உயரம், அகலம் 87-ல் ஒரு பங்கு, நீளம் மட்டும் 93.5-ல் அல்லது 100-ல் ஒரு பங்கு என்று நெடுங்காலம் விற்றார்கள். அமெரிக்காவிலும் 85 அடிப் பெட்டியை 72 அடியாக்கி விற்றதுண்டு. வாங்கியவர்களும் கண்டுகொள்ளவில்லை. ஓடியது, அதுவே போதும் என்றிருந்தது.

பிறகு ரசனை மாறியது. 'முழு நீளம் வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு குழாயும், பேட்டரிப் பெட்டியும், படிக்கட்டும் நிஜம் போலவே வேண்டும்' என்று வாங்குபவர்களே கேட்டார்கள். கம்பெனிகளும் கொடுத்தன. பல நிறுவனங்கள் 24 அங்குல வளைவுக்குக் குறைவாக ஓட்டாதீர்கள் என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்தன.

சிக்கல் என்னவென்றால், வளைவில் போகி திரும்ப இடம் வேண்டும். அந்த இடத்தில்தான் இப்போது குழாயும் படிக்கட்டும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. சக்கரம் படிக்கட்டில் இடித்தால் பெட்டி கவிழும். சக்கரத்தின் விளிம்பும் மெலிந்துவிட்டது. பழைய இத்தாலிய, ஜெர்மன் மாடல்களில் சக்கரத்தின் உள்விளிம்பு பீட்சா வெட்டும் சக்கரம் போல ஆழமாக இருக்கும். பார்க்க அசிங்கம்தான். ஆனால் எவ்வளவு மோசமான பாதையிலும் தடம் புரளாது. இன்றைய மெல்லிய விளிம்பு நிஜம் போல அழகாக இருக்கிறது, ஆனால் பாதையிலும் சக்கர இடைவெளியிலும் ஒரு சின்னப் பிழையைக்கூட மன்னிக்காது.

எனவே, இன்றைய பெட்டி பழைய பெட்டியைவிட மட்டமானது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. பார்வைக்குப் பல மடங்கு மேல். ஆனால் தவறுக்கு இடமே இல்லாத பொருளாக மாறிவிட்டது. தவறுக்கு இடமில்லாத பொருளை, தவறு நிறைய நடக்கக்கூடிய முறையில் தயாரிக்கிறார்கள். அந்தத் தயாரிப்பு முறையைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆலைகள் எங்கே போயின?

ஒரு காலத்தில் இந்தத் தொழில் அந்தந்த நாட்டிலேயே இருந்தது. பிரிட்டனின் ஹார்ன்பி, இங்கிலாந்தின் மார்கேட் நகரில் தயாரித்தது. அமெரிக்காவின் ஏதர்ன் கலிஃபோர்னியாவில் தயாரித்தது. அதன் நீல நிற அட்டைப்பெட்டி கிட்டுகள் பிரபலம். சில பாகங்களை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும், விலையும் மலிவு. கழன்றால் நீங்களே மாட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் மாட்டியதே நீங்கள்தான்.

1990-களின் பிற்பகுதியில் ஹார்ன்பி தயாரிப்பைச் சீனாவுக்கு மாற்றியது. மற்றவர்களும் போனார்கள். காரணம் வெளிப்படையானது. ஒரு பெட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனி பாகங்கள். பலவற்றைச் சிமிட்டியால் எடுத்துக் கையால்தான் ஒட்ட முடியும். மேற்கத்திய நாட்டுச் சம்பளத்தில் அது கட்டுப்படியாகாது. சீனாவுக்குப் போனதால் விவரமும் கூடியது, விலையும் கட்டுக்குள் இருந்தது. அந்த இனிப்பான காலம் சில ஆண்டுகள்தான் நீடித்தது.

சாண்டா கான் என்றொரு ஆலை. ஹார்ன்பி, அமெரிக்காவின் லயனல் எனப் போட்டி நிறுவனங்கள் பலவற்றுக்கும் அதுவே தயாரித்துக் கொடுத்தது. 2008-ல் கடன் நெருக்கடியில் சிக்கிய அதை, ஹாங்காங்கின் கேடர் குழுமம் வாங்கியது. யார் இந்த கேடர்? 1987-லிருந்து பேக்மன் நிறுவனத்தின் தாய் நிறுவனம். பேக்மன், ஹார்ன்பிக்கு நேரடிப் போட்டியாளர். உங்கள் கடைக்கு மாவு அரைத்துக் கொடுக்கும் மில்லை எதிர்க்கடைக்காரர் வாங்கிவிட்டால் எப்படி இருக்கும்? அதேதான். அடுத்த சில ஆண்டுகளில் ஹார்ன்பிக்குச் சரக்கு சரியான நேரத்துக்கு வராமல் தடுமாறியது. தயாரிப்பைப் புது ஆலைகளுக்கு மாற்ற வேண்டிய கட்டாயம். ஒவ்வொரு புது ஆலையும் தொழிலை முதலிலிருந்து கற்றுக்கொண்டது. அந்தக் கற்றலின் செலவில் ஒரு பகுதி, வாங்குபவர் வீட்டில் தடம் புரண்ட பெட்டியாக வெளிப்பட்டது.

2018-ல் அஃபா என்ற இன்னொரு ஆலை மூடும் செய்தி வந்தபோது, அமெரிக்க நிறுவனங்கள் பல தங்கள் எஃகு அச்சுகளை அங்கிருந்து எடுத்து வேறு ஆலைக்கு மாற்ற ஓடின. அச்சு கம்பெனியுடையது. ஆனால் அதை எந்த வெப்பத்தில், எவ்வளவு அழுத்தத்தில் ஓட்டினால் பெட்டி வளையாமல் வரும் என்ற அனுபவ அறிவு ஆலைத் தொழிலாளியுடையது. அச்சைக் கப்பலில் ஏற்றலாம். அந்த அனுபவத்தை ஏற்ற முடியாது.

மாற்றுப் பாதையில் போனவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் மெர்க்லின் 1859-ல் தொடங்கிய நிறுவனம். 2009 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. பிறகு மீண்டு வந்தது. கோப்பிங்கனிலும், ஹங்கேரியின் கியோர் நகரிலும் சொந்த ஆலைகளை வைத்திருக்கிறது. ஜப்பானின் காட்டோ உள்நாட்டிலேயே தயாரிக்கிறது. ஜெர்மனியின் பிக்கோவுக்குச் சீனாவில் ஆலை உண்டு, ஆனால் அது அவர்களுடைய சொந்த ஆலை. ஆக, 'சீனாவில் செய்ததால் மட்டம்' என்பது சோம்பேறித்தனமான பதில். ஆலையின் கதவைத் திறந்து உள்ளே போய், திருகு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று தினமும் பார்க்க உரிமை உள்ளவர் யார் என்பதுதான் கேள்வி.

சரி, யார்தான் சோதிக்கிறார்கள்?

நிஜ ரயில் பெட்டி என்றால், புது வடிவமைப்பு வந்ததும் லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ அதைப் பாதையில் வேகமாக ஓட்டி அலைவுச் சோதனை நடத்தும். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அனுமதி வேண்டும். மாடல் பெட்டிக்கு இப்படி எதுவும் இல்லை.

தர அளவுகள் இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1935-ல் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கம், அதாவது என்.எம்.ஆர்.ஏ, சக்கர இடைவெளி, விளிம்பு வடிவம், பெட்டி எடை என எல்லாவற்றுக்கும் அளவு எழுதி வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 1954-ல் உருவான மோரோப் கூட்டமைப்பின் நெம் அளவுகள் உண்டு. ஆனால் எல்லாம் விருப்பத்தின் பேரில்தான். மீறினால் அபராதம் கிடையாது.

எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். என்.எம்.ஆர்.ஏ பரிந்துரைப்படி ஹெச்.ஓ பெட்டிக்கு ஒரு அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 85 அடிப் பெட்டி என்றால் சுமார் 194 கிராம். நம் ஐ.சி.எஃப் பெட்டியின் மாடல் என்றால் 165 கிராம். எடை குறைந்தால் வளைவில் உள்பக்கமாகச் சாய்ந்து விழும். சமையலறைத் தராசிலேயே சோதித்துவிடக்கூடிய விஷயம் இது. கடையில் யாராவது சோதித்துப் பார்த்து விற்கிறார்களா?

பொம்மைப் பாதுகாப்புச் சட்டமாவது உதவுமா என்றால், அங்கேயும் ஓட்டை. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ் தரச்சான்று கட்டாயம். ஆனால் அது 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொருளுக்கு. மாடல் ரயில் அட்டைப்பெட்டியில் '14 வயதுக்கு மேல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கலாம். கூர்மையான சிறு பாகங்கள் இருப்பதால் அப்படி எழுதுவது நியாயமே. அதன் பக்க விளைவு, இது பொம்மையும் இல்லை, ரயிலும் இல்லை. இரண்டு சோதனையும் கிடையாது. அப்படியே சோதித்தாலும், பொம்மைச் சட்டம் பார்ப்பது குழந்தைக்கு ஆபத்தா என்பதைத்தான். ஓடுமா என்பதை இல்லை.

ஆக, இந்தச் சங்கிலியில் பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கும் ஒரே ஆள் பெரும்பாலும் வாங்குபவர்தான். காசும் கொடுத்து, கடைசித் தரப் பரிசோதகர் வேலையையும் அவரே பார்க்கிறார்.

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது

அவர்கள் வாதத்தையும் கேட்க வேண்டும். ஒரு மாடலை லட்சக்கணக்கில் தயாரிப்பதில்லை. சில நூறு அல்லது சில ஆயிரம்தான். அதிலும் ஒவ்வொரு ரயில்வேயின் வண்ணத்துக்கும் பிரித்தால் இன்னும் குறையும். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்க ஆள் போட்டால் விலை எங்கேயோ போகும். எனவே சாம்பிள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, தடம் புரண்டால் எல்லா நேரமும் பெட்டியின் தவறு இல்லை. வீட்டில் போட்ட பாதையில் இணைப்பு சற்றே மேடாக இருக்கும், பாயின்ட் அழுக்காக இருக்கும். ஒரே இடத்தில் எல்லாப் பெட்டியும் புரண்டால் பாதையில் கோளாறு. எல்லா இடத்திலும் ஒரே பெட்டி புரண்டால் பெட்டியில் கோளாறு. இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமலே கடைக்கு போன் போடுபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குக் கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பதே ஒரு பெருமை. கோளாறு வந்தால் புகார் செய்யாமல், தாங்களே ஒரு வாஷர் போட்டுச் சரிசெய்துவிடுகிறார்கள். அடுத்த முறை நண்பரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்வார்கள். அந்தக் கோளாறு கம்பெனியின் கணக்கில் ஏறவே ஏறாது. கணக்கில் ஏறாத குறையை எந்த ஆலையும் திருத்தப் போவதில்லை.

திருப்பிக் கொடுக்க முடியுமா?

பிரிட்டனில் 2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம். அதற்குப் பிறகு ஆறு மாதம் வரை, குறை தொடக்கத்திலிருந்தே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் கடைக்காரருக்குச் சரிசெய்யவோ மாற்றிக் கொடுக்கவோ ஒரு வாய்ப்பு தர வேண்டும்.

தாளில் அருமையான சட்டம். நடைமுறையில் இரண்டு முட்டுக்கட்டை. ஒன்று, பலர் பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள். லே-அவுட் கட்டி முடியவில்லை, மீதிப் பெட்டிகள் வரவில்லை என்று. ஒரு வருஷம் கழித்துப் பிரிக்கும்போது காலக்கெடு எப்போதோ போயிருக்கும். இரண்டு, மாற்றிக் கொடுக்கச் சரக்கே இருக்காது. முன்பதிவு எண்ணிக்கையை ஒட்டித் தயாரித்து, விற்று முடித்து, ஆலை அடுத்த மாடலுக்குப் போயிருக்கும். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரத் தயார். ஆனால் பத்துப் பெட்டி ரயிலில் ஏழாவது பெட்டிக்குப் பணம் கிடைத்து என்ன செய்வது? அந்த உணவகப் பெட்டி இல்லாமல் ரயில் முழுமையாகாது. அதனால்தான் குறையோடு வைத்துக்கொள்கிறார்கள்.

உதிரிபாகமும் அப்படித்தான். ஆலையில் பாகங்களை எண்ணி எடுத்து, எண்ணி ஒட்டி முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் கூடுதலாக எடுத்து வைக்கும் நிறுவனங்கள் உண்டு, எல்லோரும் அப்படியில்லை. முன்பதிவு செய்யும்போதே 'போகியும் கப்ளரும் தனியாகக் கிடைக்குமா?' என்று கேட்டுவிடுவது நல்லது. விலையைவிட முக்கியமான கேள்வி அது.

இந்தியாவில் வாங்குபவர்கள் நிலை

நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு சின்ன வட்டம்தான், ஆனால் உயிரோட்டமானது. புனேயில் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இயங்குகிறது. சென்னை பெரம்பூரில் ஐ.சி.எஃப் பக்கத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் மாடல் பெட்டிகளின் முன்னால் நகராமல் நிற்கும் அப்பாக்களைப் பார்க்கலாம். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பார்கள்!

இங்கே விலை இன்னொரு சுவர். பொம்மை மற்றும் மாடல்கள் பிரிவுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றக் கொண்டுவந்த வரி. உள்நாட்டில் பெரிய அளவில் தயாரிப்பே இல்லாத துல்லிய மாடல் ரயிலும் அதே வலையில் மாட்டிக்கொண்டது. கடைக்காரர் இறக்குமதி செய்யத் தயங்குகிறார். எனவே ஆசைப்படுபவர்கள் வெளிநாட்டு இணையக் கடையில் வாங்குகிறார்கள், அல்லது அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் சூட்கேஸில் வருகிறது.

சூட்கேஸில் வந்த பெட்டியைத் திருப்பி அனுப்புவது எப்படி? 2020-ம் ஆண்டின் இணைய வணிக விதிகள், இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும் என்கின்றன. ஆனால் மில்வாக்கியிலோ மான்செஸ்டரிலோ உள்ள ஒரு சின்னக் கடையிடம் அதைக் காட்டி வேலை வாங்குவது லேசான காரியமில்லை. இந்தியாவில் உள்ள கடையிலோ தளத்திலோ வாங்கியிருந்தால் நிலைமை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 துணைக்கு வரும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். ரசீது அவசியம்.

பெட்டி வந்த அன்றே என்ன செய்யலாம்?

அலமாரியில் வைக்காதீர்கள். அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். உதிர்ந்து கிடக்கும் பாகங்கள் நீங்கள் உடைத்தவை அல்ல என்பதற்கு அதுதான் சாட்சி. பாகம் எதையும் ஒட்டிப் பார்க்க வேண்டாம். பசை பட்டால் திருப்பி வாங்க மாட்டார்கள்.

பிறகு சமையலறைத் தராசில் எடை. சக்கர இடைவெளியைப் பார்க்க என்.எம்.ஆர்.ஏ-வின் சின்ன உலோக அளவுக் கருவி இருக்கிறது. இல்லையென்றால், நன்றாக ஓடும் பழைய பெட்டியின் சக்கரத்தோடு வெர்னியர் காலிப்பரில் ஒப்பிடலாம். பெட்டியைக் கண்ணாடி மேல் வைத்து எட்டுச் சக்கரமும் தொடுகிறதா என்று பாருங்கள். லே-அவுட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வளைவுத் துண்டும் ஒரு பாயின்ட்டும் போதும். முன்னால் இழுத்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், பின்னால் தள்ளிப் பாருங்கள். கப்ளர் போகியில் பொருத்தப்பட்ட பெட்டிகள் இழுக்கும்போது ஒழுங்காக வரும், தள்ளும்போதுதான் போகி பக்கவாட்டில் திரும்பித் தடம் புரளும். இரண்டு புதுப் பெட்டிகளை இணைத்தும் ஓட்டுங்கள்.

போகித் திருகை மட்டும், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, அரைச் சுற்று தளர்த்திப் பார்க்கலாம். புதுப் பெட்டி புரள்வதில் நிறைய அந்த அரைச் சுற்றிலேயே சரியாகிவிடும். சரியாகிவிட்டாலும் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். பெட்டியின் எண், வாங்கிய தேதி, எந்த முனைப் போகி என்ற விவரத்தோடு. அடுத்த வண்ணத்தில் அதே பெட்டிக்கு ஆலைக்கு ஆர்டர் போகும்போது, அவர்கள் கையில் காகிதமாக இருக்கப்போவது அது ஒன்றுதான்.